கோடியைப் புதிய பதிப்புக்கு மாற்றியதும் லைப்ரரி காலியாகத் தெரிகிறதா? எதையும் அழிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்

டிவியோடு இணைத்த பெட்டியில், சேர்த்து வைத்த படங்களை ஒழுங்குபடுத்தி ஓட்டும் 'கோடி' (Kodi) என்ற மீடியா சென்டர் மென்பொருளைப் பதிப்பு 20-இலிருந்து 21-க்கு மாற்றுகிறீர்கள். திறந்து பார்த்தால், நேற்று வரை போஸ்டர் போஸ்டராக அணிவகுத்து நின்ற படங்கள் ஒன்றையும் காணோம். லைப்ரரி காலியாக இருக்கிறது என்று மட்டும் திரை சொல்கிறது. அல்லது படங்கள் இருக்கின்றன, தொட்டால் ஓடவில்லை. அல்லது எல்லாம் ஓடுகிறது, ஆனால் பிடித்த ஸ்கின் போய் வேறு முகத்தோடு கோடி நிற்கிறது. வயிறு கலங்குவது இயல்புதான்.

ஒரு விஷயத்தை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பதிப்பு மாறும்போது கோடி உங்கள் படக் கோப்புகளைத் தொடுவதே இல்லை. லைப்ரரி என்பது அந்தக் கோப்புகளைப் பற்றிய ஒரு குறிப்பேடு. எந்தப் படம் எங்கே இருக்கிறது, யார் நடித்தது, எதைப் பார்த்து முடித்தீர்கள், எதைப் பாதியில் நிறுத்தினீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். புதிய பதிப்பு வரும்போது கோடி அந்தப் பழைய குறிப்பேட்டை அழித்து எழுதுவதில்லை. பிரதி எடுத்து, பிரதியில்தான் மாற்றம் செய்கிறது. ஆகவே உங்கள் பழைய லைப்ரரி பெரும்பாலும் அதே இடத்தில் பத்திரமாகத்தான் இருக்கும். அது போவதென்றால் அவசரத்தில் நாம் அழுத்தும் பொத்தானால்தான் போகும்.

எனக்கு அப்படிப் போயிருக்கிறது. சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு மாற்றத்துக்குப் பிறகு படங்கள் பட்டியலில் இருந்தன, ஓடவில்லை. பழைய குப்பை சேர்ந்துவிட்டது என்று நினைத்து, கண்ணில் படாத கோப்புகளின் குறிப்புகளை நீக்கும் 'கிளீன் லைப்ரரி'யை அழுத்தி, கேட்ட கேள்விக்கெல்லாம் ஆம் சொன்னேன். உண்மையில் ஹார்டு டிஸ்க்கின் யூஎஸ்பி கேபிள் சரியாகச் சொருகப்படவில்லை, அவ்வளவுதான். டிஸ்க் கண்ணில் படாததால் அதிலிருந்த படங்களைப் பற்றிய குறிப்புகள் எல்லாம் நீங்கிவிட்டன. படங்கள் பத்திரமாகவே இருந்தன. ஆனால் அப்பா எந்தத் தொடரில் எத்தனையாவது பாகத்தில் நிறுத்தியிருந்தார் என்ற அடையாளம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. முதல் பாகத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து தேடிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தது இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எனவே பிரச்சினை தீரும் வரை மூன்றைச் செய்யாதீர்கள். கிளீன் லைப்ரரி வேண்டாம். ஒரு படத்தைத் தொட்டதும், இந்தக் கோப்பு இப்போது இல்லை, லைப்ரரியிலிருந்து நீக்கிவிடவா என்று கோடி கேட்டால், இல்லை என்று சொல்லுங்கள். மூன்றாவது, கோடியை அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள். ஆண்ட்ராய்டு டிவி, ஃபயர் டிவி போன்றவற்றில் செயலியை நீக்கினால் அதன் தரவுக் கோப்புறையும் சேர்ந்தே போய்விடும். புதிய பதிப்பை எப்போதும் பழையதன் மேலேயே நிறுவ வேண்டும்.

பிரதி எடுங்கள்

இனி செய்யப்போகும் எதற்கும் முன்னால் 'யூசர்டேட்டா' என்ற கோப்புறையைப் பிரதி எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். லைப்ரரி, அமைப்புகள், மூலக் கோப்புறைகளின் பட்டியல், கடவுச்சொற்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

விண்டோஸில் கோடியை முழுதாக மூடிவிட்டு, விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் சதவீதக் குறி, ஆப்டேட்டா, மறுபடி சதவீதக் குறி என்று இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுத்தால் ஒரு கோப்புறை திறக்கும். அதில் கோடி, அதற்குள் யூசர்டேட்டா. லினக்ஸில் உங்கள் ஹோம் கோப்புறைக்குள், புள்ளியில் தொடங்கும் கோடி என்ற மறைவுக் கோப்புறைக்குள் இருக்கும். ராஸ்பெரி பை போன்ற சின்னக் கணினிகளில், கோடிக்கென்றே உருவான லினக்ஸ் அமைப்பான லிப்ரெஎலெக் ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் எளிது. நெட்வொர்க்கில் கோப்புறைகளைப் பகிரும் சம்பா வசதி இயங்கினால், வீட்டு நெட்வொர்க்கில் அந்தப் பெட்டியைத் திறந்தாலே யூசர்டேட்டா என்ற பகிர்வு தெரியும்.

ஆண்ட்ராய்டில்தான் சிக்கல். ஆண்ட்ராய்டு 11-க்குப் பிறகு சாதாரண ஃபைல் மேனேஜர் செயலிகளால் மற்றச் செயலிகளின் தரவுக் கோப்புறைக்குள் நுழைய முடிவதில்லை. ஆனால் கோடிக்கு அதன் சொந்தக் கோப்புறையைப் பார்க்கத் தடை இல்லை. செட்டிங்ஸில் ஃபைல் மேனேஜரைத் திறந்தால் 'புரொஃபைல் டைரக்டரி' என்ற வரி இருக்கும். அதுதான் யூசர்டேட்டா. ஒரு பக்கம் அது, மறுபக்கம் ஒரு பென் டிரைவ் என்று வைத்துக்கொண்டு பிரதி எடுக்கலாம். கோடியின் அதிகாரப்பூர்வக் களஞ்சியத்தில் பேக்கப் என்றே ஓர் ஆட்-ஆன் (கோடியோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்) இருக்கிறது, அதையும் பயன்படுத்தலாம்.

எண்களைப் பாருங்கள்

யூசர்டேட்டாவுக்குள் 'டேட்டாபேஸ்' என்ற கோப்புறை இருக்கும். அதைத் திறந்தால் 'மைவீடியோஸ்' என்று தொடங்கி ஓர் எண்ணோடு முடியும் கோப்புகள் தெரியும். உங்கள் படங்கள், தொடர்கள் பற்றிய குறிப்பேடு இதுதான். அந்த எண் கோடியின் பதிப்பு எண் அல்ல, தரவுத்தள அமைப்பின் எண். 2019-இல் வந்த பதிப்பு 18, லியாவுக்கு 116. 2021 பிப்ரவரியில் வந்த 19, மேட்ரிக்ஸுக்கு 119. 2023 ஜனவரியில் வந்த 20, நெக்ஸஸுக்கு 121. 2024 ஏப்ரலில் வந்த 21, ஒமேகாவுக்கு 131. இசைக்கு 'மைமியூசிக்' என்று தனிக் கோப்பு உண்டு. அது 19-க்கும் 20-க்கும் 82, 21-க்கு 83.

நெக்ஸஸிலிருந்து ஒமேகாவுக்கு மாறியவர் என்றால் உங்களிடம் 121, 131 இரண்டுமே இருக்க வேண்டும். கோடி 21 முதல்முறை திறக்கும்போது 131 இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் 130, 129 என்று ஒவ்வொன்றாகக் கீழே இறங்கித் தேடும். 121 கிடைத்ததும் அதைப் பிரதி எடுத்து, பிரதியைப் படிப்படியாக மாற்றி 131 ஆக்கும். 121 அப்படியே இருக்கும்.

இப்போது இரண்டு கோப்புகளின் அளவையும் ஒப்பிடுங்கள். 131, கிட்டத்தட்ட 121 அளவோ அதைவிடக் கொஞ்சம் பெரிதாகவோ இருந்தால் மாற்றம் ஒழுங்காக நடந்திருக்கும், கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. 121 பெரிதாக இருந்து, 131 மட்டும் அதற்குச் சம்பந்தமே இல்லாமல் சிறியதாக இருந்தால், கோடி காலிக் குறிப்பேடு ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இது எப்படி நடக்கும்? மாற்றம் நடந்துகொண்டிருந்தபோது மின்சாரம் போயிருக்கலாம். 'மைக்ரேட்டிங்' என்ற செய்தி நீண்ட நேரம் நின்றதால் பொறுமை இழந்து பிளக்கைப் பிடுங்கியிருக்கலாம். ஆயிரக்கணக்கான படங்கள் உள்ள லைப்ரரிக்கு, சின்னப் பெட்டிகளில் பல நிமிடங்கள் ஆகும், காத்திருங்கள். பெட்டியின் உள்நினைவகம் நிரம்பியிருந்தாலும் பிரதி எடுக்க இடமில்லாமல் வேலை கெட்டுப்போகும். இன்னொரு காரணமும் உண்டு. புதிதாக நிறுவி ஒருமுறை திறந்துவிட்டு, அதற்குப் பிறகு பழைய 121 கோப்பைக் கொண்டுவந்து போட்டிருப்பார்கள். முதல் திறப்பிலேயே காலி 131 உருவாகிவிட்டதால், கோடி கீழே இறங்கித் தேடாது. பழைய கோப்பைப் போட்டும் ஒன்றும் வரவில்லையே என்று தவிப்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

தீர்வு ஒன்றுதான். கோடியை முழுதாக மூடுங்கள். 131 கோப்பை அழிக்காமல், வேறொரு கோப்புறைக்கு நகர்த்துங்கள். 121 அதே இடத்தில் இருக்கிறதா, நினைவகத்தில் போதுமான இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கோடியைத் திறங்கள். 131 இல்லாததால் அது 121-ஐக் கண்டுபிடித்து மறுபடி முதலிலிருந்து மாற்றும். முடியும் வரை தொடாதீர்கள். இசைக்கும் இதே வழிதான்.

121-ஏ இல்லை என்றால்

டேட்டாபேஸ் கோப்புறையில் பழைய எண்ணுள்ள கோப்பே இல்லையென்றால், நீங்கள் வேறொரு வீட்டின் அலமாரியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து வரும் கோடிக்கும், இணையதளத்திலிருந்து இறக்கி நிறுவும் கோடிக்கும் யூசர்டேட்டா வெவ்வேறு இடத்தில் இருக்கும். லினக்ஸில் வழக்கமான தொகுப்புக்கும் ஃபிளாட்பேக் தொகுப்புக்கும் அப்படியே. முன்பு ஒன்றையும் இப்போது மற்றொன்றையும் நிறுவியிருந்தால் லைப்ரரி காலியாகத்தான் தெரியும். பழைய இடத்தைக் கண்டுபிடித்து யூசர்டேட்டாவை அங்கிருந்து இங்கே பிரதி எடுங்கள், அல்லது பழைய வகையிலேயே புதிய பதிப்பை நிறுவுங்கள். இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன்.

லிப்ரெஎலெக்கில் இன்னொரு வாய்ப்பு உண்டு. கோடி திரும்பத் திரும்ப நொறுங்கி விழுந்தால், அந்த அமைப்பு பாதுகாப்பு நிலைக்கு மாறும். அப்போது உங்கள் முழுக் கோடி கோப்புறைக்கும் 'ஃபெயில்டு' என்ற வாலோடு வேறு பெயர் வைத்து ஓரமாக வைத்துவிட்டு, புத்தம் புதிய காலிக் கோடியைத் திறக்கும். பார்ப்பவருக்கு எல்லாம் அழிந்துவிட்டதுபோல இருக்கும். அழியவில்லை. நொறுங்கியதற்குக் காரணமான ஆட்-ஆனைக் கண்டுபிடித்து நீக்கிவிட்டு, கோப்புறைக்குப் பழைய பெயரைத் திரும்ப வைத்தால் போதும்.

படங்கள் தெரிகின்றன, ஓடவில்லை

குறிப்பேட்டில் ஒவ்வொரு படத்துக்கும் முழு முகவரி எழுதப்பட்டிருக்கும். ஈ டிரைவில், படங்கள் கோப்புறையில் என்று இருந்தது எஃப் டிரைவாக மாறிவிட்டால் கோடிக்கு வழி தெரியாது. கோடியோடு சேர்த்து விண்டோஸையும் புதிதாக நிறுவியவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். லைப்ரரியை மாற்றப் போகாதீர்கள். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்த டிரைவுக்குப் பழைய எழுத்தையே திரும்பக் கொடுங்கள். லினக்ஸ் என்றால் டிஸ்க் முன்பு எந்தக் கோப்புறைப் பாதையில் இணைக்கப்பட்டதோ (மவுன்ட் ஆனதோ) அதே பாதையில் இணையும்படி செய்யுங்கள். என் கதையிலிருந்து ஒன்று: கேபிளை ஒருமுறை கழற்றிச் சொருகிப் பார்த்த பிறகு மற்றதைத் தொடங்குங்கள்.

படங்கள் நெட்வொர்க்கில் வேறொரு கணினியிலோ ரவுட்டரில் சொருகிய டிஸ்க்கிலோ இருந்தால், நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிர உதவும் எஸ்எம்பி நெறிமுறையின் பதிப்பைப் பாருங்கள். அதன் முதல் பதிப்பு பாதுகாப்பற்றது என்று எல்லாரும் கைவிட்டு வருகிறார்கள். 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்தே அதைத் தானாக நிறுவுவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் பழைய ரவுட்டர்களும், நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் பழைய நாஸ் பெட்டிகளும் பல முதல் பதிப்பு மட்டுமே பேசும். கோடியில் செட்டிங்ஸ், சர்வீசஸ், எஸ்எம்பி கிளையன்ட் என்று போனால் குறைந்தபட்சப் பதிப்பு என்ன, அதிகபட்சம் என்ன என்று அமைக்கலாம். அந்த வரி உங்களுக்குத் தெரியவில்லையா? செட்டிங்ஸ் திரையின் இடது கீழ் மூலையில் பல்சக்கரக் குறியோடு பேசிக், ஸ்டாண்டர்டு என்று ஒரு சொல் இருக்கும். அதை அழுத்தி எக்ஸ்பர்ட் வரை கொண்டுபோனால் மறைந்திருக்கும் அமைப்புகள் வெளியே வரும். இதைத் தெரியாமல் எத்தனையோ பேர் கோடியில் அந்த வசதியே இல்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். முதல் பதிப்பை அனுமதிப்பது வீட்டுக்குள் தற்காலிகமாகச் சரி. முடிந்தால் அந்தப் பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்து இரண்டாம் பதிப்புக்குக் கொண்டுவருவது நல்லது.

ஆண்ட்ராய்டில் கோப்பு அணுகல் அனுமதியையும் பாருங்கள். பதிப்பு மாறியதும் அது நீங்கியிருக்கலாம். கருவியின் செயலி அமைப்புகளுக்குப் போய்த் திரும்பக் கொடுத்தால் சரியாகிவிடும்.

ஸ்கின், ஆட்-ஆன், தமிழ் எழுத்து

18-இலிருந்து நேராகத் தாவி வருகிறவர்களுக்கு இங்கே பெரிய வெட்டு இருக்கிறது. கோடியின் ஆட்-ஆன்கள் பெரும்பாலும் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதப்படுபவை. அதன் பழைய வடிவமான பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்தது. கோடி 19 முதல் அந்த ஆட்-ஆன்கள் எல்லாம் பைத்தான் 3-இல் இருந்தால்தான் ஓடும். எழுதியவர் கைவிட்டுவிட்ட பழைய ஆட்-ஆன் எவ்வளவு பிடித்ததாக இருந்தாலும் புதிய கோடியில் ஓடாது. பொருந்தாதவற்றைக் கோடியே முடக்கிவிட்டு, எவை என்று பட்டியல் போட்டுக் காட்டும். அந்தப் பட்டியலை ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதிகாரப்பூர்வக் களஞ்சியத்தில் ஒவ்வொன்றுக்கும் புதிய வடிவம் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். எங்கிருந்தோ ஒரு ஜிப் கோப்பை இறக்கி ஓட வைக்க முயல்வதுதான் அடுத்த வாரத் தலைவலிக்கு விதை.

உங்கள் ஸ்கின்னும் இந்தப் பட்டியலில் சேர்ந்திருந்தால், கோடி எஸ்டுவரி என்ற தன் சொந்த ஸ்கின்னுக்குத் திரும்பிவிடும். முகம் மாறியதற்குக் காரணம் அதுதான், லைப்ரரிக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்படி ஸ்கின் மாறும்போது தமிழ் வாசகர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு தொல்லை வருவதுண்டு. படத்தின் பெயரோ சப்டைட்டிலோ தமிழில் இருந்தால் எழுத்துகளுக்குப் பதில் வெறும் கட்டங்கள் தெரியும். செட்டிங்ஸ், இன்டர்ஃபேஸ், ஸ்கின் பகுதியில் எழுத்துரு என்ற வரியைத் திறந்து, ஏரியல் அடிப்படையிலானதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். சப்டைட்டிலுக்கான எழுத்துரு பிளேயர் அமைப்புகளில் தனியாக இருக்கிறது, அதையும் மாற்ற வேண்டியிருக்கும்.

போஸ்டர்கள் மட்டும் காணவில்லை

இது எளிது. போஸ்டர்களின் தற்காலிகச் சேமிப்பு குழம்பியிருக்கிறது. கோடியை மூடிவிட்டு, யூசர்டேட்டாவில் 'தம்நெயில்ஸ்' கோப்புறையையும், டேட்டாபேஸ் கோப்புறைக்குள் 'டெக்ஸ்சர்ஸ்13' கோப்பையும் சேர்த்து அகற்றுங்கள். ஒன்றை மட்டும் அகற்றினால் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும். மறுபடி திறந்ததும் கோடி போஸ்டர்களைத் திரும்பச் சேகரிக்கும். முதல் நாள் கொஞ்சம் மந்தமாக இருக்கும்.

ஒரே லைப்ரரியை வீட்டில் பல கருவிகள் பகிர்ந்தால்

மையெஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் வழியாக ஹாலிலும் படுக்கையறையிலும் ஒரே லைப்ரரி வைத்திருப்பவர்கள், எல்லாக் கருவிகளையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். ஹாலில் 21, படுக்கையறையில் 20 என்றால் ஒன்று 131-இலும் மற்றொன்று 121-இலும் எழுதிக்கொண்டிருக்கும். ஹாலில் பார்த்து முடித்தது படுக்கையறைக்குத் தெரியாது. மாற்றும்போது முதலில் ஒரே ஒரு கருவியை மட்டும் புதுப்பித்துத் திறந்து, தரவுத்தள மாற்றம் முடிந்த பிறகு மற்றவற்றைத் தொடுங்கள். கோடிக்காக வைத்திருக்கும் பயனருக்குப் புதிய தரவுத்தளத்தை உருவாக்கும் உரிமை இல்லையென்றால் இந்த மாற்றம் நடக்காது. இங்கே முதலில் பார்க்க வேண்டியது அந்த உரிமையைத்தான்.

மேம்பட்ட அமைப்புகளுக்கான எக்ஸ்எம்எல் கோப்பில் பஃபர் அளவை (வீடியோவை எவ்வளவு முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும் என்பதை) கையால் எழுதி வைத்திருந்தவர்கள், 21-க்கு மாறிய பிறகு வீடியோ விக்குகிறது என்றால் காரணம் இது: ஒமேகாவில் அந்த அமைப்பு செட்டிங்ஸ் திரையின் சர்வீசஸ் பகுதிக்கு வந்துவிட்டது. பழைய வரிகளைக் கோடி இப்போது பொருட்படுத்துவதில்லை. திரையில் திரும்ப அமையுங்கள்.

லாகைப் படிக்கப் பயப்படாதீர்கள்

இவ்வளவு பார்த்தும் பிடிபடவில்லை என்றால், கோடி தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கும். 'கோடி லாக்' என்பது இப்போதைய ஓட்டத்துக்கு, 'கோடி ஓல்டு லாக்' என்பது இதற்கு முந்தைய ஓட்டத்துக்கு. நொறுங்கி விழுந்து மறுபடி திறந்திருந்தால் உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. விண்டோஸில் யூசர்டேட்டாவுக்கு ஒரு படி மேலே இருக்கும், லினக்ஸில் 'டெம்ப்' கோப்புறையில். லிப்ரெஎலெக்கில் நெட்வொர்க் வழியே லாக்ஃபைல் பகிர்வைத் திறந்தால் போதும், அதுவே எல்லாவற்றையும் ஜிப் ஆக்கிக் கொடுக்கும்.

முதல் சில வரிகளில் எந்தப் பதிப்பு ஓடுகிறது, எந்தக் கோப்புறையைத் தன் வீடாக எடுத்துக்கொண்டிருக்கிறது என்று எழுதியிருக்கும். அலமாரி மாறிய சந்தேகத்தை இந்த வரிகளே தீர்த்துவிடும். அப்புறம் 'ஓல்டு டேட்டாபேஸ் ஃபவுண்ட்' என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். 121-இலிருந்து 131-க்கு மாற்றுவதாக அதே வரியில் இருந்தால் கோடி பழையதைக் கண்டுகொண்டது. அதற்குக் கீழே எரர் என்ற சொல் வருகிறதா பாருங்கள். 'மால்ஃபார்ம்டு' என்று இருந்தால் தரவுத்தளக் கோப்பே சிதைந்திருக்கிறது, பேக்கப்பிலிருந்து எடுக்க வேண்டியதுதான். ஒரு ஆட்-ஆனின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அதை முடக்கிவிட்டுப் பாருங்கள். யாரிடமாவது உதவி கேட்பதாக இருந்தால், இரண்டு வரியை மட்டும் வெட்டி அனுப்பாமல் முழு லாகையும் கொடுங்கள். அனுப்பும் முன் அதில் உங்கள் கடவுச்சொல் ஏதும் தப்பித் தவறி இருக்கிறதா என்று ஒருமுறை கண்ணோட்டம் விடுங்கள்.

பழைய பதிப்புக்குத் திரும்புவது

விருந்தினர் வந்திருக்கிறார்கள், இன்று ராத்திரியே படம் ஓட வேண்டும் என்றால் திரும்பிப் போவதில் தவறில்லை. கணினியில் கோடி 20-ஐ நிறுவினால் அது தன் 121-ஐயே திறக்கும். 21-இல் இருந்த நாட்களில் பார்த்தவை மட்டும் அதில் இருக்காது. விண்டோஸில் நீக்கும்போது புரொஃபைல் கோப்புறையையும் அழிக்கவா என்று ஒரு தேர்வு வரும், அதைத் தொடாதீர்கள். ஆண்ட்ராய்டில் புதியதன் மேல் பழையதை நிறுவ முடியாது. நீக்கித்தான் ஆக வேண்டும், நீக்கினால் தரவும் போகும். எனவே முதலில் எடுத்த பேக்கப் கையில் இல்லாமல் அதில் இறங்கவே கூடாது.

எல்லாம் சரியாகிவிட்டதா? செட்டிங்ஸில் மீடியா, லைப்ரரி பகுதிக்குப் போய் எக்ஸ்போர்ட் லைப்ரரியைத் திறந்து, தனித்தனிக் கோப்புகள் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் அதன் விவரங்களோடு ஒரு என்எஃப்ஓ கோப்பு உட்காரும். பார்த்த கணக்கும் அதில் இருக்கும். ஒரே பெயரில் வெவ்வேறு காலத்தில் வந்த தமிழ்ப் படங்களைக் கையால் திருத்திப் பொருத்தி வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அந்த உழைப்பும் இப்படித்தான் காப்பாற்றப்படும். மூலக் கோப்புறையில் எழுதும் உரிமை இருந்தால்தான் இது நடக்கும். 121 கோப்பை இன்னும் ஒரு மாதமாவது அதே இடத்தில் விட்டுவையுங்கள்.